எல்லையின் இரண்டு பக்கக் காகிதங்களும் ஒரே மேசையில்: இந்தியா - வங்கதேச உறவை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

1974 மே 16 அன்று இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்ட நில எல்லை ஒப்பந்தத்தில் ஒரு சின்ன வாசகம் வருகிறது. தஹக்ராம் என்ற வங்கதேசத் துண்டு நிலம் இந்தியாவுக்குள் தனியாகக் கிடக்கிறது. அதைத் தாய்நாட்டோடு சேர்க்க, 'தீன் பிகா' அருகே 178 மீட்டருக்கு 85 மீட்டர் இடத்தை இந்தியா நிரந்தரக் குத்தகைக்குத் தரும் என்பதுதான் அந்த வாசகம். கணக்குப் போட்டால் மூன்றே முக்கால் ஏக்கர். அந்த வழி திறக்க 1992 ஜூன் 26 வரை ஆனது, அதாவது 18 ஆண்டு. திறந்தபோதும் பகலில் மட்டும்தான், ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம். நாள் முழுக்கத் திறந்து வைக்க 2011 ஆகிவிட்டது.

இரண்டு அண்டை நாடுகளின் உறவை ஆராய வேண்டும் என்று யாராவது என்னிடம் வந்தால், முதலில் இந்த வாசகத்தைத்தான் காட்டுவேன். மூன்றே முக்கால் ஏக்கருக்குள் இரண்டு தலைநகரங்கள், ஒரு மாநில அரசு, நீதிமன்றம், எல்லைக் காவல் படைகள், அந்த வழியாகச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய மக்கள் என எல்லாரும் இருக்கிறார்கள். பிரதமர்கள் கைகுலுக்கும் படத்தில் இதில் பாதிப்பேர் கூடக் கிடையாது.

நம் ஊர் ஆய்வேடுகளில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று. டெல்லி சொன்னதை டெல்லியின் காகிதத்திலிருந்து எடுத்து எழுதிவிட்டு, மேலே 'இருதரப்பு உறவு' என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம். இன்னொரு தரப்பு எங்கே? இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: எடுத்துக்கொள்ளும் பொருள் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் படியுங்கள்.

இந்தியா - வங்கதேசத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அது இந்தியாவின் மிக நீளமான நில எல்லை என்பது. மொத்தம் 4,096.7 கிலோமீட்டர். மேற்கு வங்கம் 2,216.7, திரிபுரா 856, மேகாலயா 443, மிசோரம் 318, அசாம் 263 என்று ஐந்து மாநிலங்களைத் தொட்டுப் போகிறது. முதுகலை ஆய்வேடு எழுதுகிறவருக்கும், முனைவர் பட்ட மாணவருக்கும், பட்டத்துக்காக இல்லாமல் தானே தோண்டிப் பார்க்க நினைப்பவருக்கும் இந்தப் படிகள் பொருந்தும்.

முதல் படி: தலைப்பைச் சுருக்குங்கள்

'இந்தியா - வங்கதேச உறவு, 1971 முதல் இன்று வரை' என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்து என் கையில் மிஞ்சியது யார் எப்போது எந்த நாட்டுக்குப் போனார் என்ற பட்டியல் மட்டும்தான்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள். 1974 ஒப்பந்தத்தை வங்கதேசம் அதே ஆண்டு நவம்பரில் தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி ஏற்றுக்கொண்டது. இந்தியா 2015-ல்தான் ஏற்றது. இந்த 41 ஆண்டு இடைவெளி எதனால்? அல்லது: கங்கை நீர்ப் பங்கீடு 1996-ல் கைகூடியது. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போனபோது தீஸ்தா ஆற்று நீர்ப் பங்கீடு கைகூடவில்லை. இரண்டு முறையும் மேற்கு வங்க அரசுக்கு இதில் பங்கு இருந்தது. ஜோதி பாசு உதவினார், மம்தா பானர்ஜி மறுத்தார். வித்தியாசம் ஆட்களிலா, ஆற்றிலா, ஒப்பந்த வரைவிலா?

தலைப்பு தேறுமா என்று பார்க்க நான் மூன்றே கேள்வி கேட்பேன். இரண்டு நாட்டிலும் இதைப் பற்றிக் காகிதம் இருக்கிறதா? தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் சொல்ல முடியுமா? நான் நினைத்தது தவறு என்று ஆதாரம் வந்து நிரூபிக்க வழி இருக்கிறதா? மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் அது ஆய்வு ஆகாது, கருத்துதான்.

இரண்டாம் படி: நோட்டின் நடுவே கோடு போடுங்கள்

காலவரிசையை ஒரே பத்தியாக எழுதாதீர்கள். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் இந்தியா எப்படி நினைவில் வைத்திருக்கிறது, வலப்பக்கம் வங்கதேசம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று எழுதுங்கள்.

1971-ஐ எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் 'இந்தியா - பாகிஸ்தான் போர், டிசம்பர் 3 முதல் 16 வரை' என்று வரும். 13 நாள் சண்டை. வலப்பக்கத்தில் 'முக்திஜுத்தோ', மார்ச் 26-ல் தொடங்கிய ஒன்பது மாத விடுதலைப் போர். இரண்டும் டிசம்பர் 16-ல்தான் முடிகின்றன. இங்கே அது இந்திய ராணுவத்தின் வெற்றி நாள், அங்கே தங்கள் நாடு பிறந்த வெற்றி நாள். உதவி செய்தவர் யார், போராடியவர் யார் என்ற மனத்தாங்கல் இன்றுவரை தொடர்வதற்கு இந்த இரண்டு தேதிகளே ஒரு காரணம்.

1975-76-ல் வித்தியாசம் இன்னும் கூர்மை. மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே உள்ள ஃபராக்கா அணையின் கால்வாயில் 1975 ஏப்ரல் 21 தொடங்கி 41 நாள் சோதனை ஓட்டத்துக்கு இரு நாடும் ஒப்புக்கொண்டன. ஆகஸ்ட் 15-ல் முஜிப் கொல்லப்பட்டார். சோதனைக் காலம் முடிந்த பிறகும் இந்தியா தண்ணீர் எடுத்தது. 1976 மே 16 அன்று வங்கதேச அரசியல் தலைவர் மௌலானா பாஷானி ஃபராக்காவை நோக்கி நெடும்பயணம் நடத்தினார். வலப்பக்கத்தில் இது பெரிய எழுத்தில் வரும் சம்பவம். நம் பக்க நூல்கள் பலவற்றில் ஒரு வரியாகக் கூட வருவதில்லை. ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாக இருக்கும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். பெரும்பாலும் உங்கள் ஆய்வு அங்கேதான் இருக்கும்.

இதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் மாற்றங்களுக்கு ஓர் அட்டவணை வையுங்கள். ஆவணத் தேடலில் இது இல்லாமல் காலம் விரயமாகும். டாக்காவின் ஆங்கில எழுத்துக்கூட்டல் 1982-ல் மாறியது, கல்கத்தா கொல்கத்தா ஆனது 2001-ல். வங்கதேச எல்லைக் காவல் படை 1971-க்கு முன் கிழக்கு பாகிஸ்தான் ரைஃபிள்ஸ், அப்புறம் வங்கதேச ரைஃபிள்ஸ். 2009-ல் அந்தப் படையினர் செய்த பில்கானா கலகத்துக்குப் பிறகுதான் இன்றைய பெயரான பார்டர் கார்டு பங்களாதேஷ் வந்தது. கங்கை எல்லை தாண்டிப் போய் பத்மா ஆகிறது, பிரம்மபுத்திரா ஜமுனா ஆகிறது. 1970 புயலுக்குப் பிறகு வங்கக் கடலில் எழுந்த ஒரு மணல் தீவை இந்தியா நியூ மூர் என்றது, வங்கதேசம் தெற்கு தல்பட்டி என்றது. சண்டை ஓயும் முன்பே அது கடலில் மூழ்கிவிட்டது. ஒரு பெயரில் மட்டும் தேடினால் ஒரு பக்கத்துக் கதைதான் கிடைக்கும்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தைச் செய்தித்தாளில் படிக்காதீர்கள்

ஒப்பந்தத்தின் மூலத்தை எடுத்து வரி வரியாகப் படிக்க வேண்டும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒப்பந்தங்களுக்கென்று தனித் தரவுத்தளம் உண்டு. ஐ.நா.வில் பதிவான ஒப்பந்தங்கள் அதன் ஒப்பந்தத் தொகுப்பில் கிடைக்கும். இரண்டும் இலவசம்.

எப்படிப் படிப்பது என்பதற்கு 1996 டிசம்பர் 12-ல் தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட கங்கை நீர் ஒப்பந்தத்தைப் பார்ப்போம். 'இரு நாடும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இணைப்பில் உள்ள சூத்திரம் வேறு மாதிரி. ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்து பத்து நாளாகப் பிரித்துக் கணக்கு. ஃபராக்காவில் வரும் நீர் 70,000 கனஅடி அல்லது அதற்குக் குறைவு என்றால் ஆளுக்குப் பாதி. 70,000-க்கும் 75,000-க்கும் இடையில் என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000-ஐத் தாண்டினால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. (கனஅடி எல்லாம் வினாடிக்கு.)

ஒரு காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 60,000 வந்தால் 30,000, 30,000. 72,000 வந்தால் இந்தியாவுக்கு 37,000, வங்கதேசத்துக்கு 35,000. ஒரு லட்சம் வந்தால் இந்தியாவுக்கு அதே 40,000, வங்கதேசத்துக்கு 60,000. அந்த 40,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஃபராக்காவிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்குப் போகும் கால்வாயின் கொள்ளளவு அது. கொல்கத்தா துறைமுகத்தில் படியும் வண்டலைத் தள்ள அவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் அணையே கட்டினார்கள். ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு துறைமுகத்தின் வரலாறு வந்து நிற்கிறது பாருங்கள்.

அப்புறம் வினைச்சொற்கள். 1949 முதல் 1988 வரையிலான 40 ஆண்டு சராசரியை வைத்துத்தான் இணைப்பு அட்டவணை போட்டார்கள். அந்த அளவு நீர் ஃபராக்காவுக்கு வந்து சேர மேல்பகுதி நாடு, அதாவது இந்தியா, 'எல்லா முயற்சியும் செய்யும்' என்கிறது ஒப்பந்தம். 'உறுதி தருகிறது' என்று சொல்லவில்லை. 1977-ல் போட்ட ஐந்தாண்டு உடன்பாட்டில் வங்கதேசத்தின் பங்கில் 80 சதவீதத்துக்கு உத்தரவாதம் இருந்தது. 1996-ல் அந்த உத்தரவாத விதி இல்லை. நீர் 50,000 கனஅடிக்குக் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கலந்து பேசும், அவ்வளவுதான். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஃபராக்காவுக்கு வரும் முன்பே எடுக்கும் நீரைப் பற்றி டாக்கா ஏன் திரும்பத் திரும்பப் பேசுகிறது என்பது இந்த வினைச்சொல்லைப் படித்தால் விளங்கும்.

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள்: யார் அளப்பது, தகராறு வந்தால் யாரிடம் போவது, எப்போது காலாவதி. இந்த ஒப்பந்தத்தில் ஃபராக்காவிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் கூட்டுக் குழு நின்று அளக்கிறது. தகராறு வந்தால் கூட்டுக் குழு, கூட்டு நதிகள் ஆணையம், பிறகு இரு அரசுகள். வெளியார் நடுவர் கிடையாது. ஆயுள் 30 ஆண்டு.

நான்காம் படி: எல்லைக் கோடு எழுதப்பட்ட விதத்தைப் படியுங்கள்

எல்லை என்றால் வரைபடத்தில் உள்ள கோடு என்று நினைக்கிறோம். பிரிவினையின்போது எல்லையை வகுத்த ராட்கிளிஃப் தீர்ப்பு 1947 ஆகஸ்ட் 17-ல் வெளியானபோது அது முதலில் ஓர் எழுத்து விவரணை. இந்தத் தாணாவுக்கும் (காவல் நிலையத்துக்கு உட்பட்ட பகுதி) அந்தத் தாணாவுக்கும் இடையே, அப்புறம் இன்னொரு தாணாவின் மூலை வரை என்று சொற்களாலேயே ஓடும். வரைபடம் இணைப்புதான். இரண்டும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

ஜல்பைகுரிப் பக்கம் அந்த விவரணையில் போடா என்ற தாணாவின் பெயர் விட்டுப்போனது. வரைபடத்தின் கோடும் பிழையாக விழுந்தது. இரண்டும் சேர்ந்து, பேருபாரி ஒன்றியம் யாருக்கு என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுத்தன. 1952-ல் பாகிஸ்தான் உரிமை கேட்டது. 1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபிரோஸ் கான் நூனும் 8.75 சதுர மைல் கொண்ட அந்த ஒன்றியத்தைச் சரிபாதியாகப் பிரிக்கச் சம்மதித்தார்கள். மேற்கு வங்கத்தில் கொந்தளிப்பு. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். 1960 மார்ச்சில் வந்த பதில்: இந்திய நிலப்பகுதியை வெளிநாட்டுக்குக் கொடுக்க அரசியல் சாசனத் திருத்தம் தேவை. ஒன்பதாவது திருத்தம் நிறைவேறியும் வழக்குகளால் நிலம் கைமாறவில்லை. கடைசியில் 1974 ஒப்பந்தத்தில் பேருபாரியை இந்தியாவே வைத்துக்கொண்டது. பதிலுக்குத்தான் தஹக்ராம், அங்கர்போட்டா என்ற துண்டு நிலங்கள் வங்கதேசத்திடம் இருக்கும், தீன் பிகா வழி குத்தகைக்கு வரும் என்ற ஏற்பாடு. ஒரு பெயர் விட்டுப்போனதில் தொடங்கிய கதை இது.

வலப்பக்கத்தை மறக்காதீர்கள். அதே 1974-ல் டாக்காவில் காஜி முக்லேசுர் ரஹ்மான் என்ற வழக்கறிஞர் பேருபாரியை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார். இன்னும் காலம் கனியவில்லை என்று வழக்கு தள்ளுபடி ஆனது. ஆனால் ஒரு சாதாரணக் குடிமகன் இப்படி வழக்குப் போடலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. வங்கதேசத்தின் பொதுநல வழக்கு வரலாற்றில் இதற்கு முக்கிய இடம் உண்டு. இந்தியாவின் பேருபாரிக் கருத்தையும் இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் நிலத்தைக் கொடுக்கலாமா என்ற ஒரே கேள்வியை எதிரெதிர் திசையிலிருந்து இரண்டு நாடுகள் கேட்கின்றன.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு பழகிய பெயர் மனதில் வந்திருக்கும். ஆமாம், கச்சத்தீவு. அதுவும் 1974-தான். 2008-ல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பேருபாரியைத்தான் ஆதாரமாகக் காட்டியது: நிலத்தைக் கொடுக்கத் திருத்தம் வேண்டும், கச்சத்தீவுக்கு அப்படி எதுவும் செய்யவில்லை என்பது வாதம். மத்திய அரசின் நிலைப்பாடு, அது உரிமை தீராத இடம், எல்லை வரையறை செய்தோமே தவிர எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது. எல்லைத் தகராறைத் தீர்ப்பது வேறு, நிலத்தைக் கொடுப்பது வேறு என்று 1969-ல் கட்ச் தொடர்பான மகன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு அண்டை நாடுகளோடு இரண்டு ஒப்பந்தம். ஒன்றுக்கு 41 ஆண்டு கழித்துத் திருத்தம், மற்றதற்குத் திருத்தமே இல்லை. இதை முழுதாக ஒப்பிட்டுத் தமிழில் ஒரு ஆய்வு வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்புறம் சிட்மஹால்கள். ஒரு நாட்டின் துண்டு நிலம் மறுநாட்டுக்குள் தீவு போலக் கிடப்பதற்கு வங்காளியில் இந்தப் பெயர். வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111, இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 பரிமாற்றத்துக்கு வந்தன. தஹாலா காக்ராபாரி என்ற இடத்தில் வங்கதேசத்துக்குள் இந்தியா, அதற்குள் வங்கதேசம், அதற்குள் மறுபடியும் ஒரு இந்திய வயல் இருந்தது. கூச் பெஹார் ராஜாவும் ரங்பூர் ஆட்சியாளரும் சூதாட்டத்தில் கிராமங்களைப் பந்தயம் வைத்ததால் வந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். ஆய்வாளர்கள் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முகலாயர்களோடு ஏற்பட்ட உடன்படிக்கையையும் வரி உரிமைகளையும் காட்டுகிறார்கள். கதையைத் தூக்கி எறிய வேண்டாம். மக்கள் தங்கள் நிலைமையை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அது சான்று. எல்லை எப்படி வந்தது என்பதற்குச் சான்றாக மட்டும் அதை வைக்காதீர்கள்.

2011-ல் நடந்த கூட்டுக் கணக்கெடுப்பில் இந்தத் துண்டுகளில் 51,549 பேர் இருந்தார்கள். பள்ளிக்கூடம், மின்சாரம், காவல் நிலையம் எதற்கும் சொந்த நாட்டுக்குப் போக வேண்டுமானால் வேற்று நாட்டைக் கடக்க வேண்டும். 2015 ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கைமாறின.

ஐந்தாம் படி: காகிதம் எங்கே இருக்கிறது

டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம். அதன் 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே பட்டியலைத் தேடலாம், பல கோப்புகளின் படியையும் பார்க்கலாம். 1993-ன் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் 25 ஆண்டு கடந்த கோப்புகள் காப்பகத்துக்குப் போக வேண்டும். நடைமுறையில் தாமதம் ஆகும், அதனால் 1970-கள் வரை ஓரளவு நம்பிக்கையோடு தேடலாம். தீன் மூர்த்தி வளாக நூலகத்தில், இந்திரா காந்தியின் செயலராக இருந்த பி.என்.ஹக்சரின் தனித்தாள்கள் இருக்கின்றன. 1971-72 பற்றி எழுதுகிறவர் அவற்றைப் பார்க்காமல் எழுதக் கூடாது.

மாணவர்கள் அதிகம் தவறவிடுவது நாடாளுமன்றத்தை. கேள்வி நேரப் பதில்கள், நிலைக்குழு அறிக்கைகள், விவாதங்கள் எல்லாம் இணையத்தில் உள்ளன. தேடும்போது ஒரு சூட்சுமம்: 2015-ல் நிறைவேறியது 100-வது சாசனத் திருத்தம், ஆனால் மசோதாவின் எண் 119. நூறு என்று தேடினால் 2013, 2014-ல் நடந்த சண்டை எதுவும் கிடைக்காது. 119 என்று தேடினால் நிலைக்குழு அறிக்கை வரை கிடைக்கும். எல்லா மசோதாவுக்கும் இந்த இரட்டை எண் உண்டு என்று நினைவில் வையுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ஆனால் வெளிநாட்டு உறவு 8(1)(ஏ) விலக்கில் வருகிறது. 20 ஆண்டு கடந்த விஷயங்களுக்குக் கதவு திறக்கும் 8(3) பிரிவும் இந்த விலக்கைத் தொடாது. அதனால் 'கோப்பு முழுதும் வேண்டும்' என்று கேட்காமல், கூட்டம் நடந்த தேதி, கலந்துகொண்ட துறைகள், செலவுத் தொகை போன்றவற்றைக் கேளுங்கள். அவை வரும்.

டாக்காவில் தேசிய ஆவணக் காப்பகம் அகர்காவ் பகுதியில் இருக்கிறது. நேரில் போக முடியாதவர் டாக்கா நாளிதழ்களின் இணையப் பதிப்புகளிலிருந்தும் வங்கதேசச் சட்ட அமைச்சகத்தின் சட்டத் தொகுப்புத் தளத்திலிருந்தும் ஆரம்பிக்கலாம். மூன்றாவதாக வெளியாரின் கண். லண்டனில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள், அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட 1971 தொகுதி. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர் ஆர்ச்சர் பிளட் 1971 ஏப்ரல் 6-ல் அனுப்பிய எதிர்ப்புத் தந்தி அதில் இருக்கிறது. வெளியார் நடுநிலையானவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருக்கும் கணக்கு உண்டு. ஆனால் இரு பக்கமும் மறைத்ததை அவர் சில நேரம் எழுதி வைத்திருப்பார்.

ஆறாம் படி: கொஞ்சமாவது வங்காளி

இதைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் டாக்காவின் ஆங்கில வாசகர்களுக்காக எழுதியதுதான் கையில் வரும். எழுத்துக்களைக் கற்க சில வாரம் போதும். தலைப்புச் செய்தி படிக்கும் அளவுக்கு வர ஆறு மாதம் தினம் ஒரு மணி நேரம். முள்வேலிக்கு அங்கே 'காட்டாதார்' என்பார்கள், முள்ளும் கம்பியும் சேர்ந்த சொல்தான், நம் முள்கம்பி மாதிரியே.

சொல்லில் அரசியல் இருக்கும். எல்லையில் ஆட்களைத் திருப்பி அனுப்புவதை இந்தியப் பத்திரிகைகள் 'புஷ் பேக்' என்று எழுதும். அதே இரவு, அதே ஆட்கள், டாக்கா பத்திரிகையில் 'புஷ் இன்'. நீங்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்களோ அந்தப் பக்கம் நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டையும் குறிப்பிட்டுவிட்டு, என்ன நடந்தது என்பதை வெறும் வினைச்சொல்லில் எழுதுங்கள்.

உள்ளூர்க் காகிதங்களில் வங்காளி ஆண்டும் மாதமும் வரும். வங்கதேசம் நாட்காட்டியைச் சீர்திருத்தி ஏப்ரல் 14-ஐப் புத்தாண்டாக நிலைப்படுத்தியது. மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் 15. ஆங்கிலத் தேதிக்கு மாற்றும்போது ஒரு நாள் பிசகும், கவனம். அளவுகளிலும் அப்படித்தான். 'தீன் பிகா' என்றால் மூன்று பிகா. ஒப்பந்தத்தில் உள்ள 178-ஐ 85-ஆல் பெருக்கி, 14,400 சதுர அடி கொண்ட வங்காள பிகாவால் வகுத்தால் 11 பிகாவுக்கு மேல் வருகிறது. ஒப்பந்த வாசகமே 'தீன் பிகா அருகே' என்றுதான் சொல்கிறது. பெயரை வைத்துப் பரப்பளவு எழுதிய கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: எண்கள்

வணிகப் புள்ளிவிவரத்தை இரண்டு நாட்டிலிருந்தும் எடுத்தால் ஒத்துவராது. பதறாதீர்கள். இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வங்கதேசத்தினுடையது ஜூலையில். ஏற்றுமதி செய்யும் நாடு சரக்கு ஏற்றும்வரை உள்ள விலையை எழுதும், இறக்குமதி செய்யும் நாடு ஏற்றுக்கூலியும் காப்பீடும் சேர்த்து எழுதும். மாதவாரிக் கணக்கை எடுத்து நீங்களே ஒரே ஆண்டாகக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சும் வித்தியாசத்தில் ஒரு பகுதி, கணக்கில் வராமல் எல்லை தாண்டும் மாடும் சர்க்கரையும் இருமல் மருந்தும்.

எண்ணுக்குப் பின்னால் அடுப்படி இருக்கிறது. 2019 செப்டம்பரிலும் 2020 செப்டம்பரிலும் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது டாக்காவில் வெங்காய விலை பறந்தது. அண்டை நாட்டைப் பற்றிய சாதாரண மனிதரின் அபிப்பிராயம் உருவாவது அந்த மாதிரி வாரங்களில்தான். 2025 ஏப்ரலில் வங்கதேசம் நிலத் துறைமுகங்கள் வழியாக இந்திய நூல் வருவதை நிறுத்தியது. மே மாதம் இந்தியா வங்கதேச ஆயத்த ஆடைகள் நில வழியாக வருவதை நிறுத்தியது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எட்டாம் படி: எல்லைக்குப் போவது

1975-ல் இரு நாட்டு எல்லைப் படைகளுக்கான வழிகாட்டுதல்களில் எல்லைக் கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் தற்காப்புக் கட்டுமானம் கூடாது என்று வைத்தார்கள். அதனால் இந்திய வேலி பல இடங்களில் உள்ளே தள்ளி நிற்கிறது. வேலிக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவே இந்திய விவசாயிகளின் வயல். காலையில் கதவு திறக்கும்போது அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போய், மூடும் முன் திரும்ப வேண்டும். நாற்று நடும் பருவத்தில் கதவு திறக்கும் நேரத்துக்கும், வயலில் வேலை தொடங்க வேண்டிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கேட்டு எழுதுங்கள். பாதுகாப்புக் கொள்கை பற்றிய நூறு பக்கம் சொல்லாததை அது சொல்லும்.

களத்துக்கு நல்ல இடம் எல்லைச் சந்தைகள். முதலாவது 2011 ஜூலையில் மேகாலயாவின் காலாய்சரில், எதிர்ப்பக்கம் குரிகிராம் மாவட்டத்து பாலியமாரி. ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பவர்களுக்கு விற்கவும் வாங்கவும் அனுமதி. ஒருவர் வாங்கக்கூடிய தொகை 50 டாலரில் தொடங்கி 200 வரை உயர்ந்தது. இரண்டு நாட்டுப் பணமும் ஒரே மேசையில் புழங்கும் இடம்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மாவட்ட நிர்வாகத்திடமும் எல்லைப் படையிடமும் எழுத்தில் கேளுங்கள். வங்கதேசத்துக்குச் சுற்றுலா விசாவில் போய் நேர்காணல் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், பேசுகிறவரின் பாதுகாப்பு. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவில் எல்லை தாண்டியதை ஒருவர் நம்பிச் சொல்லலாம். அவர் பெயர், ஊர், வேலிக் கதவின் எண் எதுவும் உங்கள் நோட்டில் கூட இருக்கக் கூடாது. நோட்டு தொலையலாம், பறிமுதல் ஆகலாம். பட்டம் உங்களுக்கு, வழக்கு அவருக்கு என்று ஆகிவிடக் கூடாது.

ஒன்பதாம் படி: எழுதுவது

எழுதி முடித்ததும் வரைவை இரண்டு பேனாக்களால் குறியுங்கள். இந்தியச் சான்றில் நிற்கும் வரிக்கு நீலம், வங்கதேசச் சான்றுக்குப் பச்சை. முழு இயலும் நீலமாக இருந்தால் திரும்பப் போங்கள். 'இந்தியா நினைத்தது', 'வங்கதேசம் மறுத்தது' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, யார் என்று கேளுங்கள். 2011-ல் தீஸ்தாவுக்குத் தயாராக இருந்தது டெல்லி, மறுத்தது கொல்கத்தா. இரண்டும் இந்தியாதான். அதேபோல ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்த 2024 ஆகஸ்ட் 5-க்கு முன்னும் பின்னும் 'டாக்கா' என்ற ஒரே சொல்லால் ஒரே அரசைக் குறிக்க முடியாது.

முடிந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ஆய்வாளருக்கு வரைவை அனுப்பி, எங்கே கோபம் வருகிறது என்று மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். கோபம் வந்த இடம் தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அங்கே இன்னொரு சான்று தேவை.

இந்த ஆண்டு தலைப்புத் தேடுகிறவருக்குக் கடைசியாக ஒன்று. கங்கை ஒப்பந்தத்தின் 30 ஆண்டு 2026 டிசம்பரோடு நிறைகிறது. புதுப்பித்தாலும் மாற்றினாலும், இரு தரப்பும் எதை வைத்துப் பேரம் பேசுகின்றன என்பது அந்த 1949-88 சராசரி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒப்பந்தத்தின் இரண்டாவது இணைப்பு அது, சில பக்கம்தான். இன்றே ஒரு நகல் எடுத்து, நடுவில் கோடு போட்ட நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.